வாரம் ஒரு பருக்கை தொப்பை

போன செவ்வாய்க்கிழமை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன். கிளம்ப இன்னும் பத்து நிமிடம் இருந்தது. டீ குடித்துவிட்டு வந்த டிரைவர் தன் சீட்டுக்குப் போகவில்லை. நேராக என்னிடம் வந்து நின்றார்.

"மேடம், நீங்களே நாயம் சொல்லுங்க. மூணு வாரமா ஒரு நாளு உடாம நிறுத்திக்கினு இருக்கறேன். தொப்பை மட்டும் அப்படியே இருக்குது. ஒரு பருக்கையாவது கொறைய வேணாமா?"

பக்கத்து சீட்டில் இருந்த அம்மா என்னைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். அப்புறம் டிரைவரின் வயிற்றைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தபோது, நான் ஏதோ மூலிகை வைத்தியம் பார்க்கிறவள் என்று முடிவு கட்டிவிட்டது தெரிந்தது.

"கேட்டுச் சொல்றேங்க" என்றேன்.

"கேளுங்க மேடம். நீங்க சொன்னாதான் அந்தப் பாப்பா கேக்கும்."

அது சுத்தப் பொய். அந்தப் பாப்பா யார் சொன்னாலும் கேட்காது. இருந்தாலும் ஒரு பெரிய மனிதர் நம்பிக் கேட்கிறார்... தலையாட்டி வைத்தேன்.

இது என்ன வழக்கு, நான் எப்படி இதில் நாட்டாமை ஆனேன் என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால், கதையைப் போன ஜூன் மாதம் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் காமிக்ஸ் சேர்க்கிறவர். வேறு கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது — இது ஒன்றே போதும் என்று விட்டுவிட்டார் போல. இரண்டு பெரிய அட்டைப்பெட்டி நிறைய வைத்திருந்தார். தொட விடமாட்டார். தானும் படிக்கமாட்டார். ஜூன் மாதம் ஒரு பெட்டியில் எலி குட்டி போட்டது. "ஒண்ணு இந்தப் பெட்டிங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றேன். உடனே பதில் சொல்ல வேண்டாமா? மனிதர் யோசித்தார். கொஞ்ச நேரம் நன்றாகவே யோசித்தார்.

அந்தக் கோபத்தில்தான் இரண்டு பெட்டிகளையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தேன். அன்றைக்கு இதே வாரப் பத்தியில் 'இளம் உள்ளங்களில் வாசிப்பை விதைப்போம்' என்றெல்லாம் எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். விதைத்தது நான் இல்லை, எலி.

பள்ளிக்கூடம் வடக்கனந்தலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வாசலில் நின்றால் கல்வராயன் மலை தெரியும். எட்டாவது வரைக்கும் உள்ள நடுநிலைப் பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம் என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் அவரைப் 'பெரிய சார்' என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். பெரிய சாருக்கு அப்போது ரிட்டயர் ஆக ஒரு வருடம் கூட இல்லை. அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே பயம் ஆடிட்.

பெட்டிகளை மேஜை மேல் வைத்துவிட்டு நான் பேச ஆரம்பித்தேன். வாசித்தால் அறிவு வளரும், கற்பனை வளரும், சொல்வளம் பெருகும், எதிர்காலம் பிரகாசிக்கும்... நாற்பத்தைந்து நிமிடம். நான் நன்றாகப் பேசுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் கண் அவ்வளவு கவனமாக மேஜைப் பக்கமே இருந்தது. கேள்விகள் உண்டா என்று கேட்டேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"மிஸ், பொட்டிய எப்ப தொறப்பீங்க?"

ஏழாம் வகுப்பு. இரட்டைச் சடை, ஒரு பக்கம் மட்டும் ரிப்பன். அவள் பெயரை இங்கே மாற்றியிருக்கிறேன். புதுப் பெயரை அவளிடமே கேட்டேன். அரை நாள் யோசித்து 'ரோஷினி' என்று தேர்ந்தெடுத்தாள். சொந்தப் பெயரைவிட இது நன்றாக இருக்கிறது, வீட்டில் முதலிலேயே இதை வைத்திருக்கலாம் என்று அபிப்பிராயமும் சொன்னாள்.

பெட்டியை அன்றைக்குத் திறக்கவில்லை. பெரிய சார் விடவில்லை.

"முத்திரை குத்தாம குடுக்க முடியாதுங்க மேடம். ஒரு புக்கு காணாப்போச்சுன்னா ஆடிட்ல நான்தான் நிக்கணும். ஒரு பக்கத்தக் கிழிச்சாக்கூட நம்மளுதுன்னு தெரியணும் இல்லீங்களா? அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க, ரெடி பண்ணி வைக்கறேன்."

சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை இரண்டு நாளும் மனிதர் தனியாக உட்கார்ந்து ரெடி பண்ணியிருக்கிறார். அடுத்த வெள்ளி நான் போனபோது கை விரல்கள் எல்லாம் ஊதாவாக இருந்தன. முகத்தில் அப்படி ஒரு திருப்தி. நான் ஒரு புத்தகத்தைப் பிரித்தேன்.

காமிக்ஸில் ஒவ்வொரு கட்டத்திலும் ஆட்கள் பேசுவதற்கென்று வெள்ளையாக ஒரு பலூன் இருக்கும் அல்லவா? முத்திரை அந்த பலூனுக்குள் இருந்தது. எல்லா பலூனுக்குள்ளும் இருந்தது.

குதிரை மேல் துப்பாக்கியோடு வருகிற முரடன் வாயைத் திறந்து 'ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி' என்கிறான். எதிரே கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவன் நடுங்கிக்கொண்டே 'ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி' என்று கெஞ்சுகிறான். கிணற்றிலிருந்து எழும்பி வருகிற பேயும் அதையே சொல்கிறது. நிலா வெளிச்சத்தில் ராஜகுமாரி தன் காதலனின் காதோரம் குனிந்து... அதையேதான்.

"என்னங்க சார் இது?" என்றேன்.

"படத்து மேல குத்துனா தெரியலீங்க மேடம். எங்க வெள்ளையா எடம் இருக்குதோ, அங்க குத்துனேன். எவ்ளோ பளிச்சின்னு இருக்குது பாருங்க."

வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. பெட்டியா நானா என்று அவர் யோசித்ததை நினைத்துக்கொண்டு நான் நன்றாகவே சாப்பிட்டு முடித்தேன்.

ஆனால் பிள்ளைகள்? புத்தகங்களைக் கையில் கொடுத்த இரண்டாவது நிமிடம் வகுப்பு சிரிப்பில் உருண்டது. ஒருத்தன் முரடன் மாதிரிக் கையை நீட்டி "ஊராட்சி ஒன்றியம்" என்று மிரட்ட, இன்னொருத்தன் கையைத் தூக்கி "நடுநிலைப் பள்ளி" என்று அழ... பெரிய சாருக்கு மட்டும் என்ன நடக்கிறது என்று புரியவில்லை. பிள்ளைகள் பள்ளியின் பெயரை உரக்கச் சொல்வதைக் கேட்டு அவரும் சந்தோஷமாகவே நின்றார்.

ரோஷினி மட்டும் சிரிக்காமல் ஒரு பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், இந்தாளு நெஜமா இன்னா சொன்னாரு?"

"தெரியலையேம்மா. மறைஞ்சி போச்சே."

"அப்ப நாங்களே எழுதிக்கலாமா?"

பெரிய சார் பதறிவிட்டார். புத்தகத்தில் எழுதவா? பள்ளிச் சொத்தில் பேனா வைக்கவா? கடைசியில் ஒரு சமாதானம் ஆயிற்று. புத்தகத்தில் எழுதக் கூடாது. தனியாகச் சீட்டில் எழுதி, பலூன் அளவுக்கு வெட்டி, முத்திரைக்கு மேல் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் கோந்து கூடாது. ஆடிட் வந்தால் பிரித்துக் காட்ட வசதியாக, மதிய உணவுச் சோற்றுப் பருக்கையால் மட்டும் ஒட்ட வேண்டும். தண்ணீர் தொட்டால் வந்துவிடும்.

அடுத்த வெள்ளி போனேன். துப்பாக்கிக்காரன் ரேஷன் கடைக்காரர் மாதிரிப் பேசினான்: "கைரேகை விழல. போய் கைய கழுவிக்கினு வா." கையைத் தூக்கி நின்றவன் சொன்னான்: "மூணு தபா கழுவிட்டேன் சார். சக்கரையாவது குடுங்க."

கிணற்றுப் பேய்: "நான் செத்துட்டேன்னு எவன் சொன்னது? நூறு நாள் வேல லிஸ்ட்ல என் பேரு இன்னும் இருக்குது, போய்ப் பாரு."

ராஜகுமாரி காதலன் காதில்: "மொதல்ல வூட்டுல பாத்ரூம் கட்டு. அப்பறம் பாக்கலாம்."

நான் முப்பது வருடமாக எழுதுகிறேன். ஒரு வரியில் இவ்வளவு சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. பொறாமையாக இருந்தது. உண்மையைத்தான் சொல்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். வாசிப்பை வளர்க்க நாம் என்னவெல்லாம் செய்கிறோம்? 'வாசிப்பின் பயன்கள்' என்று கட்டுரைப் போட்டி வைக்கிறோம். ஜெயித்த பிள்ளைக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுக்கிறோம். நல்ல புத்தகமாகப் பார்த்து வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். தப்பித் தவறி ஒரு கதையைப் படிக்கக் கொடுத்தாலும், முடிந்ததும் நரியிடமிருந்து நீ என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்கிறோம். நரியிடம் ஏன் கற்றுக்கொள்ள வேண்டும்? எந்தப் பிள்ளை அடுத்த கதைக்கு வரும்?

ஒவ்வொரு வெள்ளியும் போக ஆரம்பித்தேன். இப்போது எலியெல்லாம் காரணம் இல்லை. அடுத்து என்ன ஒட்டியிருக்கிறார்கள் என்று தெரியாமல் இருக்க முடியவில்லை.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ரோஷினி முதல் பீரியடில் இருக்கவே மாட்டாள். பத்து மணிக்கு மேல், கழுத்தெல்லாம் வியர்வையாக, கதவருகில் வந்து நிற்பாள். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"பஸ் நிக்கல மிஸ். நடந்து வந்தேன்."

அவள் இருப்பது நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு காலனி. பஸ் ஊர் ஸ்டாப்பில் நிற்கும். அடுத்து இருக்கிற காலனி ஸ்டாப்பில் நிற்காது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேட்டால் 'ஓவர்லோடு' என்பார்கள். டிரைவர் தூரத்திலிருந்தே கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பின்பக்கமாக ஆட்டுவார். பின்னால் பஸ் வருகிறது, அதில் ஏறிக்கொள் என்று அர்த்தம். பின்னால் எந்த பஸ்ஸும் வராது. அன்றைக்கு மட்டும் இல்லை, என்றைக்குமே வராது.

"அம்மா அரையாண்டு பரீச்ச வரைக்கும்தான் பாப்பாங்களாம் மிஸ். அதுக்குள்ள பஸ் நிக்கலன்னா ஸ்கூல்ல இருந்து நின்னுட சொல்லிட்டாங்க. கரும்புக் கொல்ல ஓரமா தனியா நடந்து போவ வேணாமாம். அம்மாகூட மரவள்ளி புடுங்க போவணும்."

இதை அவள் அழாமல்தான் சொன்னாள். காமிக்ஸில் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்.

உடனே நான் என் வழக்கப்படி பேச ஆரம்பித்தேன். உரிமை, மனு, அதிகாரி, எழுத்தின் வலிமை... ஒரு இருபது நிமிடம். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"மனு ரெண்டு தபா குடுத்துட்டாங்க மிஸ். யாரும் படிக்கல." கொஞ்சம் யோசித்தாள். "படத்துல எழுதுனா படிப்பாங்களா?"

படிப்பார்கள் என்றேன். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நாம் பிள்ளைகளிடம் இப்படி எத்தனை சொல்கிறோம், அதையெல்லாம் அவர்கள் நம்பிவிட்டால் என்ன ஆவது?

இவள் நம்பிவிட்டாள்.

பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஆறு கட்டம் போட்டாள். தலைப்பு: 'பின்னாடி பஸ் வருது'. முதல் கட்டத்தில் பை மாட்டிய ஒரு பெண் ஸ்டாப்பில் நிற்கிறாள். இரண்டாவதில் பஸ் வருகிறது. மூன்றாவதில் டிரைவர் — முகம் அப்படியே அச்சு அசல் — இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே விட்டு ஆட்டுகிறார். அப்படியானால் ஸ்டியரிங்கை யார் பிடித்திருக்கிறார்கள்? தொப்பை. தொப்பைதான் ஸ்டியரிங்கைத் திருப்புகிறது. பலூனில் 'பின்னாடி பஸ் வருது, பின்னாடி பஸ் வருது'. நாலாவதிலும் ஐந்தாவதிலும் மழை, வெயில். ஆறாவது கட்டத்தில் அந்தப் பெண் தலை நரைத்து, முதுகு வளைந்து, அதே ஸ்டாப்பில் அதே பையோடு நிற்கிறாள். "இன்னும் பின்னாடி பஸ் வரல."

இதை வகுப்பில் கட்டியிருக்கிற கயிற்றில் கிளிப் போட்டு மாட்டுவாள் என்று நினைத்தேன். மாட்டவில்லை. அடுத்த புதன்கிழமை சாயங்காலம் பள்ளி முடிந்து அதே பஸ்ஸில் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரத்தில் ஒட்டிவிட்டாள். எதை வைத்து? மதியச் சோறுதான்.

இடத்தைக் கவனித்தீர்களா? பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேர் கண்ணிலும் படும். டிரைவர் கண்ணில் மட்டும் படாது. அது அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

இரண்டு நாள் அந்த பஸ் சிரித்துக்கொண்டே மலை ஏறி, சிரித்துக்கொண்டே இறங்கியது. கடுக்காய் மூட்டையோடு ஏறியவர்கள் சிரித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் சிரித்தார்கள். படிக்கத் தெரியாத ஒரு அம்மாவுக்கு கண்டக்டரே ஆறு கட்டத்தையும் வாசித்துக் காட்டியிருக்கிறார் — மெதுவாக, டிரைவருக்குக் கேட்காமல். வெள்ளிமலை வரைக்கும் சர்குலேஷன். இந்தப் பத்திக்கு அவ்வளவு கிடையாது.

மூன்றாம் நாள், எல்லோரும் தன் முதுகுப் பக்கமே பார்த்துச் சிரிப்பதை டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

அது வெள்ளிக்கிழமை. நான் பெரிய சார் ரூமில் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் காலண்டர் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். மூலைகளில் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது.

"யாரு சார் இத வரைஞ்சது? இருவது வருசமா வண்டி ஓட்றேன். ஒரு ஆக்சிடென்ட் கெடயாது. தொப்பையில ஓட்றேனா நானு? அந்தப் புள்ளயக் கூப்புடுங்க. டீசிய குடுத்து அனுப்புங்க. இல்லன்னா ஒங்க ஆபீசுக்கு எழுதுவேன். இத என் கண்ணு முன்னால கிழிங்க மொதல்ல."

ஆள் அனுப்பாமலேயே ரோஷினி கதவருகில் வந்து நின்றுவிட்டாள். "நான்தான் வரைஞ்சேன்" என்றாள். ரிப்பன் இல்லாத சடையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கால் நகரவில்லை.

நான் பெரிய சாரைப் பார்த்தேன். ஆபீசுக்கு எழுதுவேன் என்றதும் அவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. ரிட்டயர்மென்ட் பேப்பர் எல்லாம் போக வேண்டிய நேரம். கிழித்துவிடுவார் என்றே நினைத்தேன். நான் பேச வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டார்.

"குடுங்க சார், பாக்கறேன்."

தாளை வாங்கி மேஜையில் விரித்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆறு கட்டத்தையும் படித்தார். ஆறாவது கட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் டிராயரைத் திறந்து முத்திரையை எடுத்தார். அதன் மேல் 'ஹா' என்று ஊதினார். தாளில் இடம் தேடினார். பலூன்கள் வெள்ளையாக, அழகாகக் காத்திருந்தன.

பெரிய சார் எந்த பலூனையும் தொடவில்லை. ஓரமாக, மூலையில், காய்ந்த பருக்கைக்குப் பக்கத்தில் சின்னதாகக் குத்தினார்.

ஸ்டாக் ரிஜிஸ்டரை இழுத்து, ஒரு நம்பர் போட்டு, 'கையால் வரைந்த படக்கதை — ஒன்று' என்று எழுதினார். பேனாவை மூடினார்.

"சார், இது இப்ப பள்ளிக்கூடத்துச் சொத்து. நெனச்சா கிழிக்க முடியாதுங்க. ஆடிட்ல கேப்பாங்க. கிழிக்கணும்னா நீங்க எழுத்துல குடுக்கணும். இன்னா படம், எதுக்காக கிழிக்கச் சொல்றீங்க, படத்துல இருக்கறது நெஜமா பொய்யா... எல்லாம் வெவரமா. நான் மேல அனுப்பிடறேன்."

பேப்பரும் பேனாவும் டிரைவர் பக்கம் நகர்த்தப்பட்டன.

டிரைவர் பேனாவை எடுத்தார். என்ன எழுதுவார்? நான் காலனி ஸ்டாப்பில் நிற்பதில்லை என்று ஒரு பிள்ளை வரைந்துவிட்டது என்றா? எடுத்த பேனாவைக் கீழே வைத்தார். பெரிய சாரை எழுந்து கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் பயந்துவிடுவார் என்று விட்டுவிட்டேன்.

டிரைவர் வேறு குரலில் பேசினார்.

"நிக்கலன்னு போட்டது கூட பரவால்லீங்க. ஆனா... இவ்ளோ தொப்பையா இருக்குது எனுக்கு? மேடம், நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் பார்த்தோம். மரியாதை கருதி உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டோம்.

"நீங்க நிறுத்துங்க மாமா. நான் கொறைச்சி வரையறேன்" என்றாள் ரோஷினி.

"எவ்ளோ கொறைப்ப?"

அவள் தாளை எடுத்து, மூலையில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையைப் பிய்த்து, படத்தில் தொப்பை மேல் வைத்து அளந்தாள். எட்டுப் பருக்கை நீளம் இருந்தது.

"அஞ்சி நாளும் நின்னா, வாரம் ஒரு பருக்க."

டிரைவர் பேரம் பேசினார். இரண்டு பருக்கை கேட்டார். அவள் மசியவில்லை. ஒரு நாள் நிற்காவிட்டாலும் ஒரு பருக்கை கூடும் என்று ஒரு ஷரத்தையும் சேர்த்தாள். மனிதர் ஒத்துக்கொண்டுதான் போனார்.

திங்கட்கிழமை பஸ் காலனியில் நின்றது.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் புது இதழ். பெரிய சார் முத்திரை குத்தி, ரிஜிஸ்டரில் ஏற்றி, தானே கையெழுத்துப் போட்டு பஸ்ஸுக்கு 'தற்காலிகமாக' வழங்குகிறார். டிரைவரே இப்போது ஒட்ட இடம் காட்டுகிறார். ஏழாம் வகுப்பிலிருந்து இன்னும் நாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள். தொப்பைக் கதைக்கு நடுவே தண்ணீர் வராத பைப், கதவில்லாத பாத்ரூம் எல்லாம் வருகின்றன. பஸ்ஸில் வருகிறவர்களே 'எங்க ஊரப் பத்தியும் போடு பாப்பா' என்கிறார்களாம். என்னையும் சில கட்டங்களில் வரைந்திருக்கிறார்கள். வாய் திறந்தபடியே இருக்கும். பலூன் கட்டத்தைத் தாண்டி, பக்கத்துக் கட்டத்துக்குள் போய், தாளின் விளிம்பில் மடங்கி நிற்கும். நான் புண்படவில்லை என்று சொல்ல மாட்டேன்.

எட்டு ஏழாயிற்று. ஏழு ஆறாயிற்று. நடுவில் ஒரு புதன்கிழமை பஸ் நிற்கவில்லை. தொப்பை மறுபடி ஏழுக்குப் போயிற்று. அன்றைக்கு நிஜமாகவே பிரேக் சரியில்லை என்று டிரைவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஷரத்து ஷரத்துதான்.

அரையாண்டுப் பரீட்சை வந்தது. ரோஷினியின் அம்மா ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட வந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். "பஸ் நிக்குதுங்களே மேடம். நிக்கற வரைக்கும் போவட்டும்" என்றார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அந்த 'வரைக்கும்' என்ற வார்த்தையை நான் காதில் வாங்கவே இல்லை.

பொங்கல் முடிந்து பார்த்தால் மூன்று பருக்கை பாக்கி. அங்கேயே நின்றுவிட்டது. முதல் வாரம் மூன்று. அடுத்த வாரம் மூன்று. அதற்கடுத்த வாரமும் மூன்று. அதனால்தான் போன செவ்வாய்க்கிழமை டிரைவர் என்னிடம் வந்து நியாயம் கேட்டது. மனிதர் பக்கம் நியாயம் இருக்கிறது அல்லவா? வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போனதும் முதல் வேலையாக ரோஷினியைப் பிடித்துக்கொண்டேன். சொன்ன சொல், நேர்மை, எழுதுகிறவர்களுக்கு இருக்க வேண்டிய நாணயம்... ஆரம்பித்துவிட்டேன். எத்தனை நிமிடம் என்று பார்க்கவில்லை.

அவள் காலண்டர் தாளில் கட்டம் போட்டுக்கொண்டே கேட்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது தலையைத் தூக்கினாள்.

"தொப்ப போயிட்டா பஸ் நிக்குமா மிஸ்?"

நான் அவள் பக்கத்தில் குனிந்தேன்.

"அந்த மாமா லீவு போட்டா வேற டிரைவர் வர்றாரு. அவுரு இன்னும் கையதான் ஆட்டிக்கினு போறாரு. அவுருக்கு தொப்ப இல்ல. இன்னா வரையறதுன்னும் தெரியல." ஸ்கேலை நகர்த்தி அடுத்த கோட்டைப் போட்டாள். "முழுப் பரீச்சைக்கு இன்னும் எத்தினி வாரம் இருக்குதுன்னு எண்ணிப் பாத்தேன். மூணு பருக்க பத்தாது மிஸ்."

மேடையில் நாற்பத்தைந்து நிமிடம் பேசுகிறவள். வாரா வாரம் இந்தப் பக்கத்தை நிரப்புகிறவள். ஒரு பதில் வரவில்லை. நிக்கும் என்று சொன்னால் நம்பிவிடுவாள் — போன முறை நம்பினாள். நிக்காது என்று ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது.

திரும்பிப் பார்த்தபோது அவள் என்னை வரைந்து முடித்திருந்தாள். முதல் தடவையாக வாய் மூடியிருந்தது. பக்கத்தில் பெரிதாக ஒரு பலூன் போட்டிருந்தாள். உள்ளே ஒன்றும் எழுதவில்லை.

"இதுல என்னம்மா எழுதப் போறே?"

"நீங்க பதில் சொன்னதும் எழுதிக்கறேன் மிஸ்."

இதை எழுதும் இந்த நிமிடம் வரைக்கும் அந்த பலூன் வெள்ளையாகத்தான் இருக்கிறது. முத்திரையோடு வரும் பெரிய சார் கண்ணில் படுவதற்குள் நான் ஏதாவது சொல்லியாக வேண்டும்.